எது முந்துதோ அது

ஏதோ ஒரு வேனிலிருந்து கழற்றிப் போட்ட நீளமான சீட்டு அது. பட்டறைக்கு வருகிறவர்கள் உட்காரட்டும் என்று நாச்சிமுத்து அதைச் சுவரோரமாகப் போட்டு வைத்திருந்தான். மூன்று பேர் தாராளமாக உட்காரலாம். வேறு யாரும் இல்லை. இருந்தும் அர்த்தநாரி இடது கோடியில் போய்த்தான் உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான் அவருக்கே அது உறைத்தது. முப்பத்தைந்து வருஷமாகக் காரில் இடது பக்கமே உட்கார்ந்து பழகிய உடம்பு, சீட்டு என்று ஒன்றைக் கண்டால் தானாக இடது பக்கம் ஒதுங்கிவிடுகிறது. கை வேறு தலைக்கு மேலே பிடியைத் தேடியது. சுவரில் பிடி எங்கே இருக்கும், ஒரு பழைய காலண்டர்தான் இருந்தது. அதில் ஒரு பார்வை, எதிரே பானெட்டைத் திறந்து வாயைப் பிளந்துகொண்டு நிற்கும் சிவப்புக் காரில் ஒரு பார்வை. மணி பதினொன்றே கால். வண்டிச் சாமான் கடைக்காரன் சனிக்கிழமை ஒரு மணிக்கு மூடிவிடுவானாம். பன்னிரண்டரைக்குள் சொல்ல வேண்டும். ஆமாம் என்றோ இல்லை என்றோ ஒரு வார்த்தை. அதற்கு ஒன்றேகால் மணி நேரம் எதற்கு என்று வேறு யாராக இருந்தாலும் கேட்பார்கள். அர்த்தநாரிக்கு ஒன்றேகால் மாதம் கொடுத்தாலும் போதாது.

வந்ததென்னவோ பாட்டரிக்காக. ஏழு மாதமாக வீட்டு வாசலில் நின்ற வண்டி, சாவியைத் திருப்பினால் முனகக்கூட இல்லை. காலையில் நாச்சிமுத்துவே புது பாட்டரியோடு வந்து, மாட்டி, பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு வந்துவிட்டான். அர்த்தநாரி வழக்கம்போலப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். பட்டறையில் பானெட்டைத் தூக்கிய நாச்சிமுத்து அண்ணாந்து எதையோ படித்தான். "சார், செத்த இங்க வந்து பாருங்க" என்று கூப்பிட்டான். பானெட்டின் உள்பக்கத்தில், புண்ணுக்கு ஒட்டுகிற வெள்ளைப் பிளாஸ்திரித் துண்டு ஒன்று ஒட்டியிருந்தது. அதில் மனைவி மரகதத்தின் சாய்ந்த கையெழுத்து. 'டைமிங் பெல்ட். 12-8-2018. 46,210 கி.மீ. அடுத்தது 1,06,210 அல்லது ஆகஸ்ட் 2023. எது முந்துதோ அது.' கடைசி மூன்று வார்த்தைக்குக் கீழே ஒரு கோடு. அவள் எதற்கும் கோடு போடுகிறவள் அல்ல. "கிலோமீட்டரு இன்னும் எழுபத்தொம்பதாயிரத்தையே தாண்டலீங்க. வருசம் முந்திக்கிச்சுங்களே. அதும் பத்து மாசமாச்சு" என்றான் நாச்சிமுத்து. "ஓடாமத்தானே நின்னுது?" என்று கேட்டார் அர்த்தநாரி. "நின்னா மட்டும் ரப்பருக்கு வயசாகாதுங்களா சார்?" மேல்மூடியைக் கழற்றி, கறுத்த பட்டையைக் கட்டைவிரலால் மடக்கிக் காட்டினான். பல்லுக்குப் பல்லு நடுவே மெல்லிய வெடிப்புகள், உள்ளங்கை ரேகை மாதிரி.

"காலைல இதப் பாக்காம நாலு கிலோமீட்டரு ஓட்டிட்டு வந்துட்டேனுங்க. தெரிஞ்சிருந்தா கயிறு கட்டி இழுத்துட்டு வந்திருப்பேன். இது அந்துச்சுன்னா மேல இருக்கற வால்வும் கீழ இருக்கற பிஸ்டனும் முட்டிக்குமுங்க. இஞ்சினு அப்பிடியே நின்னு போகும். அப்பறம் அம்பது அறுபதாயிரம் இல்லாம இஞ்சினத் தொட முடியாது. இப்பன்னா, வெறும் பெல்ட்டு மாத்தறதுக்குக் கூலியோட ஒம்பதாயிரம். ஆனா ஒண்ணு சார், விக்கறதா இருந்தா இதப் போடவே வேண்டாமுங்க. அப்பிடியே குடுத்துருங்க, ஆள நானே கூட்டிட்டு வர்றேன். வெச்சுக்கறதா இருந்தா, இதப் போடாம சாவியத் திருப்பவே கூடாது. ரெண்டுல ஒண்ணு சொல்லிப்போடுங்க." அர்த்தநாரி அப்போது ஒரு முட்டாள்தனமான கேள்வி கேட்டார். "இதுக்கு கிரேஸ் பீரியட் மாதிரி ஏதாச்சும் கெடையாதா?" இன்சூரன்ஸ் ஆபீசில் முப்பத்திரண்டு வருஷம் பிரீமிய நோட்டீஸ் அனுப்பியவர் வேறு எதைக் கேட்பார். கெடு தேதி தாண்டினாலும் ஒரு மாதம் அவகாசம் உண்டு, அதற்குள் நினைவூட்டு நோட்டீஸ் போகும், அதையும் தாண்டினால்கூடப் புதுப்பித்துக்கொள்ள வழி உண்டு. நாச்சிமுத்து சிரித்துவிட்டான். "அதுக்கு நோட்டீசு அனுப்பத் தெரியாதுங்க சார்." சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குக் கீழே படுத்துக்கொண்டான்.

நோட்டீஸ் அனுப்பத் தெரியாது. முன்னே வைத்திருந்த பச்சைக் காருக்கு அனுப்பத் தெரிந்திருந்தது. அது செகண்ட் ஹாண்டில் வாங்கியது, எண்பத்தொன்பதில். அதில் பெல்ட் கிடையாது, செயின். செயின் தளர்ந்தால் ஒரு மாதத்துக்கு முன்பே கிலுகிலுவென்று சத்தம் போட ஆரம்பித்துவிடும். காலையில் மரகதம் வண்டியை எடுக்கும்போது அந்தச் சத்தம் கேட்டால், "ஏனுங்க, இது கொலுசு போட்டுருச்சுங்க" என்பாள். உடனே வீட்டுக்குள் போய் நீளமான ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவருவாள். முனையை இஞ்சின் மேல் வைத்துப் பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வாள். பீளமேட்டில் அவள் வேலை பார்த்த மோட்டார் பம்பு கம்பெனியில் அப்படித்தான் பேரிங் சத்தம் கேட்பார்களாம். டெஸ்ட் பெஞ்சில் முதல் பெண் அவள். ஓடுகிற பம்பின் மேல் ஸ்க்ரூ டிரைவரை வைத்துவிட்டு, இது போகலாம், இது போகக்கூடாது என்று அவள் சொன்னால் மேனேஜர்கூட மறுபேச்சுப் பேசமாட்டார். கல்யாணமான புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தூங்கிக்கொண்டிருந்தவரின் நெஞ்சில் ஏதோ சில்லென்று பட்டது. கண்ணை விழித்தால் ஸ்க்ரூ டிரைவர். மறுமுனை அவள் காதில். "பேரிங் நல்லாத்தானுங்க இருக்குது. கொஞ்சம் பயந்த சுபாவம், அவ்வளவுதான்" என்றாள். அதை நினைத்ததும் அர்த்தநாரிக்குத் தன்னையறியாமல் சிரிப்பு வந்தது. கை நெஞ்சுக்குப் போயிற்று. எவ்வளவு சில்லென்று இருந்தது அது. அந்த ஸ்க்ரூ டிரைவர் இப்போது எங்கே? அலமாரிக்குப் பின்னாலா, பரணிலா? அவர் பதிலுக்கு ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அதை அவள் நெஞ்சில் வைத்துக் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தாலும் இவருக்கு என்ன தெரியப்போகிறது. இவர் காது காகிதச் சத்தத்துக்குப் பழகிய காது.

பயந்த சுபாவம்தான். மறைப்பானேன். எண்பத்தெட்டில் டிரைவிங் ஸ்கூலில் இருவருமாகத்தான் சேர்ந்தார்கள். மாஸ்டர் பெயர் தங்கப்பழம். பழைய அம்பாசிடர், மாஸ்டரின் காலடியில் தனியாக ஒரு பிரேக். மரகதம் நான்காம் நாளே ரவுண்டானா சுற்றிவிட்டாள். அர்த்தநாரி ஆறாம் நாள், ஆர்.எஸ்.புரத்தில், நேர் ரோட்டில், காலைவேளையில், ஓரமாக நின்றுகொண்டிருந்த தபால்பெட்டியின் மேல் ஏற்றினார். பெட்டி சாய்ந்துவிட்டது. கூட்டம் கூடி, மாஸ்டர் தலையில் கைவைத்துக்கொண்டிருக்கையில், இவருடைய கவலை வேறாக இருந்தது. முந்தின நாள் சாயந்திரம் இருநூறு பிரீமிய நோட்டீஸை அந்தப் பெட்டியில்தான் போட்டிருந்தார். "எல்லாம் எடுத்துட்டாங்களா, உள்ளயே இருக்குதா?" என்று கூட்டத்தில் ஒவ்வொருவரிடமும் கேட்டார். அதைப் பின்சீட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த மரகதம் சிரித்த சிரிப்பு இன்றைக்கும் காதில் இருக்கிறது. அதன் பிறகு அவர் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. மச்சான்மார் கேலி செய்தார்கள். மாப்பிள்ளை இடதுபக்கத்து மாப்பிள்ளை என்றார்கள். அவருக்கு அதில் வருத்தமே இல்லை என்பதுதான் வேடிக்கை. ஒருத்தி ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து போகிற சுகம் தெரியாதவர்கள்தான் கேலி செய்வார்கள்.

வால்பாறைக்குப் போனபோது அவருக்கு ஒரு வேலைகூடக் கிடைத்தது. நாற்பது கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றுக்கும் பலகையில் நம்பர் எழுதியிருக்கும். அதை உரக்கப் படிப்பது அவர் வேலை. பதினேழு, என்பார். அவள் ஹாரன் அடித்து, கியரைக் குறைத்து, இடது கையால் அந்தக் குமிழை ஒரு தட்டுத் தட்டி, உடம்பையே சாய்த்துத் திருப்புவாள். கண்ணாடி வளையல் ஸ்டியரிங்கில் உரசும். பதினெட்டு. பின்சீட்டில் மகள் சுகந்தி வாந்தி எடுக்கப் பிளாஸ்டிக் கவரைப் பிடித்துக்கொண்டிருப்பாள். இருபத்தியொன்று என்று இவர் சொன்னபோது மரகதம், "இருபதச் சொல்லவே இல்லீங்களே?" என்றாள். கீழே ஆழியாறு அணை தெரிந்தது, அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டார். "இருபது உங்களக் கேக்காமயே வந்துட்டுப் போயிருச்சு" என்று சிரித்தாள். தேயிலை வாசம், ஈர ரோடு, எதிரே வந்த லாரிக்காரன் ஒரு பெண் ஓட்டுவதைப் பார்த்துவிட்டுத் தானாகவே பின்னால் எடுத்து வழிவிட்டது. அவள் அவனுக்குக் கைகூட ஆட்டவில்லை, மரியாதையாகத் தலையை மட்டும் அசைத்தாள். நாற்பது என்று சொல்லி முடித்தபோது இவருக்குத்தான் மூச்சு வாங்கியது. டீக்கடையில் நிறுத்தி, இஞ்சினைச் சுற்றி ஒரு நடை நடந்து, ரேடியேட்டர் மேல் கையை வைத்துப் பார்த்து, பிறகுதான் அவள் டீயைத் தொட்டாள். அந்த டீயின் சூடு, மேகத்துக்குள் நின்று அதைக் குடித்தது. இத்தனைக்கும் அன்றைக்கு எந்த விசேஷமும் இல்லை, ஒரு சாதாரண சனிக்கிழமை. இன்றைக்குப் போல.

இன்றைக்கு அந்த இடது கை மடியில் கிடக்கிறது. வலது கைதான் அதை எடுத்துத் தலையணை மேல் வைக்கிறது, ஒரு குழந்தையைத் தூக்கி வைப்பதுபோல. போன தீபாவளி கழிந்து பன்னிரண்டாம் நாள். குளித்துவிட்டு வந்து புடவைக் கொசுவத்தைப் பிடித்தபடி நின்றவள், "ஏனுங்க, இந்தக் கை என்னமோ" என்றாள். அவ்வளவுதான். வாக்கியம் முடியவில்லை. எந்தச் சத்தமும் இல்லை, கிலுகிலுப்பும் இல்லை. பேச்சு நான்கு நாளில் திரும்பி வந்துவிட்டது, அது எல்லோரும் சொல்கிற மாதிரி பெரிய அதிர்ஷ்டம். இடது கையும் இடது காலும்தான் இன்னும் வரவில்லை. முழுக்க வராமலும் இல்லை. ஊன்றுகோலோடு சமையலறை வரை நடக்கிறாள். ஜெனிட்டா என்று ஒரு பெண் தினமும் காலையில் வந்து பயிற்சி கொடுத்துவிட்டுப் போகிறாள். வரும், ஆனால் எவ்வளவு வரும் என்று சொல்ல முடியாது என்கிறாள். இடது கால் கிளட்ச். இடது கை கியர். வலது கால் வலது கை என்றால்கூட ஒருவேளை, என்று நினைத்து, என்ன அற்பமான கணக்கு இது என்று அர்த்தநாரி தன்னையே கடிந்துகொண்டார். உயிர் தப்பியதே பெரிது. எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். உயிர் தப்பியதே பெரிது என்று சொல்லிச் சொல்லி, மீதி எல்லாவற்றையும் அவளிடமிருந்து ஒவ்வொன்றாக வாங்கி வைத்துவிட்டார்கள். முதலில் சமையலறைக் கத்தியை. பிறகு மாடிப்படியை. அடுத்தது சாவி.

பன்னிரண்டு அடிக்கப் பத்து நிமிஷம். வண்டியின் அடியிலிருந்து ஸ்பானர் ஒன்று தரையில் விழுந்து தெறித்த சத்தத்தில் அர்த்தநாரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாலு கிலோமீட்டர். காலையில் அந்த வெடித்த பட்டையோடு நாலு கிலோமீட்டர் சிக்னலும் மேம்பாலமுமாக வந்திருக்கிறோம், இவர் ஜன்னல் வழியாக வெள்ளரிக்காய் விலை விசாரித்துக்கொண்டு. எங்கே அறுந்திருக்கும்? மேம்பாலத்தின் ஏற்றத்தில் அறுந்திருக்குமா? பயம் அவருக்கு எப்போதும் கொஞ்சம் தாமதமாகத்தான் வரும், எல்லாம் முடிந்த பிறகு. போன ஆவணியிலேயே மரகதம் சொன்னாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, ரசத்துக்கும் மோருக்கும் நடுவில். "பெல்ட்டு கெடு வந்துருச்சுங்க. நாச்சிமுத்துகிட்ட விட்டறலாமா?" இவர் என்ன சொன்னார்? தீபாவளி கழியட்டும் என்றார். சுகந்தி ஓசூரிலிருந்து வருகிறாள், வண்டி வேண்டியிருக்கும், தீபாவளி கழியட்டும். அவள் சரி என்றாள். ஐப்பசியில் ஒருநாள், பின்னந்தலையைப் பிடித்துக்கொண்டு, "ரெண்டு நாளா ஒரே தலைவலிங்க, பிரஷர் பாக்கோணும்" என்றாள். அதற்கும் இவர், தீபாவளி கழியட்டும் என்றார். அதே வார்த்தை, அதே வாய். ஊருக்கெல்லாம் கெடு தேதி நினைவூட்டிச் சம்பளம் வாங்கியவர். கெடு தாண்டிய பாலிசிக்காரர்களிடம், என்ன சார் இப்படி அலட்சியமாக இருந்துவிட்டீர்களே என்று கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக் கேட்டவர். பானெட்டுக்குள் பிளாஸ்திரி ஒட்டிக் கெடு எழுதிய பெண்ணுக்கு ஒரு பிளாஸ்திரித் துண்டில் எழுதிவைக்க இவருக்குத் தோன்றவில்லை. இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. அவளிடமும் சொன்னதில்லை. அவளுக்கு நினைவிருக்கும். அவள் எதையும் மறக்கிறவள் அல்ல. ஒரு வார்த்தை கேட்டதில்லை, கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

எது முந்துதோ அது. மறுபடியும் அந்தக் கோடு போட்ட வார்த்தையில் வந்து மனசு சிக்கிக்கொண்டது. இரண்டு பேரில் எது முந்துதோ, என்று அது கிளம்பியது. அதை அங்கேயே நிறுத்தினார். வேறு எதையாவது நினைக்க வேண்டும். ஒன்பதாயிரம். ஒன்பதாயிரத்தைப் பற்றி நினைக்கலாம், அதில் ஆபத்து இல்லை. பென்ஷன் வருகிறது, ஒன்பதாயிரத்தால் குடி முழுகிவிடாது. சுகந்தி நேற்றுக்கூடப் போனில், "எதுக்குப்பா இனிமே காரு, கூப்ட்டா ஆட்டோ வாசலுக்கு வருது" என்றாள். நியாயம்தான். போன வாரம் மரகதமே சொல்லிவிட்டாளே. சாயந்திரம், கட்டிலில் சாய்ந்து வாசல் பக்கம் பார்த்தபடி, "வண்டிய வித்தறலாங்க. சும்மாத்தான நிக்குது" என்றாள். அவர் உடனே, உன் இஷ்டம், என்றார். அவள் மனசு நோகக்கூடாது என்று அவ்வளவு மென்மையாகச் சொன்னார். அவள் கொஞ்ச நேரம் இவரைப் பார்த்தாள். பிறகு, "அப்ப பாட்டரி மாத்தி நாச்சிமுத்துகிட்ட ஒருக்கா காமிச்சிட்டு வாங்க. விக்கறதுக்கு முன்னால" என்றாள். விற்கிற வண்டிக்குப் பெல்ட் எதற்கு? நாச்சிமுத்து சொல்வது சரிதான். பெல்ட் போட்டுக்கொண்டு போய் நின்றால் என்ன அர்த்தம்? இன்னும் ஐந்து வருஷம் ஓட்டப்போகிறாய் என்று அவளிடம் சொல்வதாக அர்த்தம். அந்தக் காலை வைத்துக்கொண்டா என்று அவள் கேட்டால், இவர் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வார்? போடாமல் போய் நின்றால்? அதற்கும் அர்த்தம் உண்டு. டாக்டர் சொல்லாததை, ஜெனிட்டா சொல்லாததை, இவர் ஒன்பதாயிரம் ரூபாயை மிச்சம் பிடித்துச் சொன்னதாக அர்த்தம்.

நாச்சிமுத்து எழுந்து, வேலை முடிந்த ஒரு வெள்ளைக் காரைப் பின்னால் எடுக்க ஏறி உட்கார்ந்தான். கதவைச் சாத்தவில்லை. தலையை வெளியே நீட்டிப் பின்னால் பார்த்துக்கொண்டு, வண்டியை அங்குலம் அங்குலமாக நகர்த்தினான். திறந்த கதவு வழியாகக் கிளட்ச் மேல் அவன் இடது கால் தெரிந்தது. சட்டென்று அழுத்துகிறது. பிறகு மெதுவாக, மிக மெதுவாக, பாதி வழியில் ஒரு இடத்தில் நின்று, அங்கே வண்டி ஒரு நடுக்கம் நடுங்க, மீண்டும் மெதுவாக மேலே வருகிறது. அர்த்தநாரி அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். இதை எங்கோ பார்த்திருக்கிறோம். இன்றைக்கு இல்லை, நேற்று. நேற்றுச் சாயந்திரம் காபியோடு அறைக்குள் போனபோது மரகதம் கட்டில் நுனியில் உட்கார்ந்திருந்தாள். சுவரோடு ஒரு தலையணையை நிறுத்தி வைத்து, அதில் இடது பாதத்தை ஊன்றி, அழுத்திக்கொண்டிருந்தாள். அழுத்திவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, மெதுவாக விட்டாள். பாதியில் நிறுத்தினாள். கால் வெடவெடவென்று நடுங்கியது. கண் ஜன்னலுக்கு வெளியே, வாசலில். இவர் என்ன செய்தார்? காபியை வைத்துவிட்டு, "அப்பிடி இல்ல மரகதம். ஜெனிட்டா பாதத்த மேல கீழ ஆட்டத்தான சொன்னாங்க? எண்ணிப் பத்து" என்றார். திருத்தினார். அவள் காலைக் கீழே இறக்கிவிட்டாள். காபியைக்கூடக் குடிக்காமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பயிற்சியில் களைப்பு என்று இவர் போர்வையை இழுத்துப் போர்த்திவிட்டு வந்தார். அட கடவுளே. முப்பத்தைந்து வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவனுக்கு, அந்தக் காலைத் தெரியவில்லையே.

பன்னிரண்டு இருபது. போனை எடுத்தார். எண்ணை அழுத்தப் போய், வைத்தார். மறுபடியும் எடுத்தார். என்னவென்று ஆரம்பிப்பது? பாட்டரி மாற்றியாச்சு, வெயில் ஜாஸ்தி, வரும்போது வெள்ளரிக்காய் வாங்கிவரட்டுமா? அவருக்குத் தெரிந்த ஆரம்பமெல்லாம் அப்படித்தான் இருந்தது. இரண்டாவது மணியிலேயே அவள் எடுத்துவிட்டாள், பக்கத்திலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தவள் மாதிரி.

"என்னங்க, பெல்ட்டா?" என்றாள்.

அர்த்தநாரி போனைக் காதோடு இறுக்கிக்கொண்டார். "உனக்கெப்பிடித் தெரியும்?"

"எழுதி ஒட்டுனவ நாந்தானுங்களே. பானெட்டத் தூக்குனா நாச்சிமுத்து கண்ணுல படாமயா போகும்? என்ன சொல்றான்?"

"விக்கறதுன்னா வேண்டாங்கறான். வெச்சுக்கறதுன்னா இன்னிக்கே போடோணுமாம்."

"செரி. நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் ஒண்ணும் சொல்லல. உன்னக் கேக்கலாம்னு. நீதான வித்தறலாம்னு சொன்ன?"

அந்தப் பக்கம் வீட்டுச் சுவர்க்கடிகாரம் ஓடுவது கேட்டது. இவர் காதுக்கு அதுவே அபூர்வம்.

"சொன்னனுங்க" என்றாள். "சொல்லிப்போட்டு உங்க மூஞ்சியத்தான் பாத்துட்டிருந்தேன். நீங்க வேண்டாம்னு ஒரு வார்த்த சொல்லவே இல்லீங்களே."

அவள் குரல் உயரவில்லை. அழவும் இல்லை. டெஸ்ட் பெஞ்சில் ஒரு பம்பைத் தள்ளிவைப்பதுபோல நிதானமாகத்தான் சொன்னாள். அர்த்தநாரி நின்றுகொண்டிருந்தார், எப்போது எழுந்தார் என்று தெரியவில்லை. உன் இஷ்டம். எத்தனை தடவை சொல்லியிருக்கிறார் இந்த வார்த்தையை. பச்சைக் காரை விற்றபோது, சிவப்புக் காரை வாங்கியபோது, எந்த ரோட்டில் திரும்புவது என்று அவள் கேட்டபோதெல்லாம். ஓட்டுகிறவளுக்கு அதைவிட மரியாதையான பதில் கிடையாது என்று நினைத்திருந்தார். போன வாரம் அவள் கட்டிலில் சாய்ந்துகொண்டு சொன்னபோது அவள் ஓட்டிக்கொண்டிருக்கவில்லை. அது இவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, பக்கத்து சீட்டுக்காரன் வாயைத் திறந்திருக்க வேண்டும். வளைவு இருபதைப் போல, அது அவரைக் கேட்காமலே வந்துவிட்டுப் போயிருந்தது.

"வேண்டாம்" என்றார். சத்தம் கொஞ்சம் அதிகமாகிவிட்டது, நாச்சிமுத்து திரும்பிப் பார்த்தான். "விக்க வேண்டாம் மரகதம். விக்கவே வேண்டாம். நான் அன்னிக்கே சொல்லியிருக்கோணும். பிரஷருக்கும் அன்னிக்கே போயிருக்கோணும். தீபாவளி கழியட்டும்னு சொன்னது நாந்தான். எல்லாமே நாந்தான்..."

"என்னங்க" என்று அவள் குறுக்கிட்டாள். அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. வலது கையில் போன், முகத்தைத் துடைக்க இடது கைதான் வரவேண்டும், வராது. இவர் அங்கே இல்லையே என்றிருந்தது. "பட்டறைல நின்னுட்டு என்ன பேச்சு. வீட்டுக்கு வாங்க, பேசிக்கலாம். இப்ப நான் சொல்றத நாச்சிமுத்துகிட்டச் சொல்லுங்க. வெறும் பெல்ட்ட மட்டும் போட்டு விட்டறப் போறான். பெல்ட்ட இழுத்துப் பிடிக்கற டென்ஷனரையும் சேத்து மாத்தச் சொல்லுங்க. வாட்டர் பம்பையும் மாத்தச் சொல்லுங்க. அது அதுக்குள்ளதான் இருக்குது. ரெண்டு வருசம் கழிச்சு அது ஒழுகுச்சுன்னா மறுபடி எல்லாத்தையும் பிரிக்கோணும். பழைய பெல்ட்ட டிக்கில போடச் சொல்லுங்க, நான் பாக்கோணும்." கொஞ்சம் நிறுத்தினாள். "அப்பறம், ஜெனிட்டா சொன்னது வேற, நான் பண்றது வேற. அதுல நீங்க தலையிடாதீங்க."

"செரி" என்றார் அர்த்தநாரி. உன் இஷ்டம் என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டார். "சாயந்திரம் தலையணைய நான் பிடிச்சுக்கறேன். சுவத்துல வழுக்குது அது."

அவள் போனை உடனே வைக்கவில்லை. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் கடிகாரத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் வைத்த பிறகு இவர் போனைச் சட்டைப்பைக்குள் போட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, திறந்த பானெட்டின் அருகே போய் நின்றார். வெள்ளைப் பிளாஸ்திரி ஓரங்களில் எண்ணெய் ஏறிப் பழுத்திருந்தது. கையெழுத்து மட்டும் அப்படியே இருந்தது. நாச்சிமுத்து கையைத் துணியில் துடைத்துக்கொண்டே வந்தான்.

"என்ன சார், அக்கா என்ன சொன்னாங்க?"

"நாந்தான் சொல்றேன்" என்றார் அர்த்தநாரி. "போட்டுருப்பா. டென்ஷனர், வாட்டர் பம்பு எல்லாம் சேத்து."

நாச்சிமுத்துவின் முகம் ஒரு கணம் மாறியது. பானெட்டைப் பார்த்தான், இவரைப் பார்த்தான். "எல்லாம் சேந்தாப் பதினாலாயிரம் ஆகுமுங்க சார். பரவால்லீங்களா?"

"ஆகட்டும்."

"அப்ப அக்கா..." என்று ஆரம்பித்தவன் கேட்காமல் நிறுத்திக்கொண்டான். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, பழைய பிளாஸ்திரியின் கீழே விரலால் இடம் காட்டினான். "செரிங்க சார். புதுசா ஒண்ணு எழுதி ஒட்டிப்போடலாம். அறுபதாயிரம் கிலோமீட்டரு, இல்லீன்னா அஞ்சு வருசம். எது முந்துதோ அது."

அர்த்தநாரி பேனாவை வாங்கிக்கொண்டார்.

"கிலோமீட்டரே முந்தட்டும்ப்பா" என்றார்.